பழைய ரயில் மேடு

தருமபுரிக்கு ஒரு சின்ன ரயில் இருந்தது. மொரப்பூரில் பெரிய ரயிலை விட்டு இறங்கி அதில் மாறி ஏறினால் தருமபுரி. அப்படியே உட்கார்ந்திருந்தால் பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை, கடைசியில் ஓசூர். இரண்டரை அடி அகலமே உள்ள தண்டவாளம். 1906-இல் தருமபுரிக்கு வந்தது, 1913-இல் ஓசூர் வரை போனது, 1941-இல் நின்றுவிட்டது. நான் பிறந்தபோது அந்தப் பாதையில் ஓர் ஆணிகூட மிச்சமில்லை. ஆனாலும் வேறெந்த ரயிலையும்விட அந்த ரயிலைப் பற்றித்தான் அதிகம் கேட்டு வளர்ந்தேன். இப்போது கண்காணாத தூரத்தில் இருந்துகொண்டு நினைத்து நினைத்து மாய்ந்துபோவதும் அதைத்தான். அது போன வழியை. அந்த வழியில் மார்கழிக் காலைகளில் என்னோடு நடந்த இரண்டு பேரை.

அரைப்பரீட்சை லீவு விட்டால் எங்களுக்கு அந்த நடை உண்டு. மாமா ஊருக்குள் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். அவர் கழுத்தில் யாஷிகா கேமரா தொங்கும். பின்னால் தலையோடு காதையும் சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு தாத்தா. நடுவில் நான். கிளம்பும்போது ஆயா என் கால்சட்டைப் பையில் வேகவைத்த துவரைக்காயை அள்ளிப் போடுவாள். உப்புத் தண்ணீரில் வெந்த காய். துணியைத் தாண்டித் தொடையில் சூடு இறங்கும். அந்தச் சூடு ஆறுவதற்குள் ஊரைத் தாண்டிவிட வேண்டும் என்று வேகமாக நடப்பேன். தருமபுரியின் குளிர் ஊட்டிக் குளிர் அல்ல, ஆளைக் கொல்லாது. ஆனால் மார்கழியில் விடிய நேரமாகும். ஆறரை மணிக்கும் பனிமூட்டம் வயலை விட்டு எழுந்திருக்காது. புளியமரத்தின் தலை தெரியும், அடிமரம் தெரியாது. எங்கோ ஒரு கோயிலில் ஒலிபெருக்கி பாடும். தெருமுனையில் காய்ந்த சருகைக் கூட்டிக் கொளுத்திவிட்டு நாலு பேர் குந்தி உட்கார்ந்து குளிர் காய்வார்கள். அவர்களில் ஒருவர் கட்டாயம் கேட்பார்: "இன்னா, ரயிலுக்கா?" தாத்தாவும் சளைக்காமல், "ஆமா, நேரமாச்சு" என்பார்.

ஊருக்குள் அந்தப் பாதையைக் கண்டுபிடிப்பது சாதாரணக் காரியமில்லை. வீடுகளின் புழக்கடையாகவும், மாடு கட்டும் இடமாகவும், துணி காயப்போடும் கொடியாகவும் அது மாறிவிட்டிருந்தது. தாத்தா அந்த வீடுகளுக்கு நடுவே நின்று, கைத்தடியை நீட்டி, "இப்படி வந்து, இப்படித் திரும்பும்" என்று காற்றில் கோடு போடுவார். அவர் போட்ட கோட்டை வைத்துத்தான் நான் நடந்தேன். ஊர் முடிந்ததும் பாதை தானாக மேலே ஏறிவரும்: வயலை விட ஓர் ஆள் உயரத்துக்கு மண் மேடு, ஒரு வண்டி போகிற அகலம், இரண்டு பக்கமும் வேலிக்காத்தான் முள். ஓடைகளைத் தாண்டும் இடத்தில் கல் மதகு. எங்களுக்கு அது ரயில் மேடு. ஆடு மேய்க்கிறவர்களும், பள்ளிக்கூடத்துக்குக் குறுக்கே போகிற பிள்ளைகளும், எங்களைப் போல் வேலை இல்லாமல் நடக்கிறவர்களும் தவிர வேறு யாரும் அங்கே வரமாட்டார்கள்.

இந்த ரயிலை எதற்காகப் போட்டார்கள் என்பது எனக்குப் பிறகு படித்துத் தெரிந்தது. 1876-இல் வந்த தாது வருஷப் பஞ்சம் சேலம் ஜில்லாவை வாரிக்கொண்டு போனது. தருமபுரி அப்போது அந்த ஜில்லாவில்தான் இருந்தது. 1861-லேயே மொரப்பூர் வழியாகப் பெரிய ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. ஆனால் அதிலிருந்து உள்ளே, மழை பொய்த்த மேட்டு நிலத்துக்குத் தானியம் வந்து சேர வழி கிடையாது. வண்டி மாடுகளே தீவனமில்லாமல் செத்துக்கொண்டிருந்த காலம். இன்னொரு பஞ்சம் வந்தால் சோறு போய்ச் சேரட்டும் என்று போட்ட பாதைகளில் ஒன்று இது. பக்கத்திலேயே திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் இதேபோல் ஒரு சின்ன ரயில் இருந்தது; அதுவும் இப்போது இல்லை. இதெல்லாம் புத்தகக் கணக்கு. தாத்தாவிடம் இருந்தது வேறு கணக்கு.

அவருடைய அப்பா மொரப்பூரில் மூட்டை மாற்றுகிற வேலை பார்த்தவர். சின்ன ரயிலின் பெட்டி பெரிய தண்டவாளத்தில் ஓடாது. அதனால் தருமபுரியிலிருந்து போகிற புளி, கேழ்வரகு, கொள்ளு எல்லாவற்றையும் மொரப்பூரில் இறக்கி, முதுகில் சுமந்து, பெரிய ரயில் பெட்டியில் ஏற்ற வேண்டும். எதிர்ப் பக்கத்திலிருந்து வருவதற்கும் அதே பாடு. அந்த மாற்றுக் கூலியும் தாமதமும் இந்த மாதிரிச் சின்ன ரயில்களைப் பல ஊர்களில் கீழே தள்ளின. லாரி வந்ததும் வியாபாரி அந்தப் பக்கம் போய்விட்டான். ஆனால் தாத்தாவுக்கு அந்தக் கூலிதான் வீட்டுச் சோறு. சிறுவனாக இருந்த அவர் அப்பனுக்குக் களி உருண்டையைத் துணியில் கட்டிக்கொண்டு போவாராம். புளி மூட்டை தூக்கிய நாளில் அப்பாவின் முதுகெல்லாம் பிசுபிசுப்பாக இருக்கும். வீட்டுக்கு வந்து படுத்தால் ஈ மொய்க்கும். இதைச் சொல்லும்போது மட்டும் தாத்தா நடப்பதை நிறுத்திவிடுவார்.

மேட்டில் ஓர் இடம் உண்டு. பார்த்தால் ஏற்றம் என்றே தெரியாது. சைக்கிள் மிதிக்கிறவனுக்குத்தான் தெரியும். அங்கே வந்ததும் தாத்தா, "இங்க அது மூச்சு வாங்கும் கண்ணு. கேளு" என்பார். நாங்கள் மூன்று பேரும் நின்று கேட்போம். கரிச்சான் ஒன்று கத்தும். தூரத்துக் கிணற்றில் மோட்டார் ஓடும். வேறொன்றும் இருக்காது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்குக் கேட்கிறது என்று தெரியும். அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்தே எனக்கும் ஏதோ கேட்டது. இன்றைக்கும் கேட்கிறது என்று எழுத ஆசைதான். கேட்கவில்லை.

தண்டவாளத்தைப் பெயர்த்ததையும் அவர் பார்த்திருக்கிறார். போர் நடந்துகொண்டிருந்த காலம், இரும்புக்கு அவசரம். அந்தக் கதையை அவர் எப்போதும் ஒரே மாதிரிதான் சொல்வார், ஒரு சொல் மாறாது. "கடைசி ரயிலுல ஜனம் இல்ல கண்ணு. இரும்புதான். முன்னால பேத்து அதுலயே ஏத்திக்கினு, கொஞ்சம் பின்னால போவும். மறுபடி பேக்கும், மறுபடி பின்னால போவும். பாயைச் சுருட்டுற மாதிரி தன் வழியத் தானே சுருட்டிக்கினு மொரப்பூருக்குப் போயிடுச்சு." எந்த நாட்டுச் சண்டைக்குப் போனதோ, அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. அன்றைக்கு அவர் அப்பா வீட்டுக்கு வந்து ஒன்றும் பேசவில்லையாம்.

நான் இழந்தது என்று எண்ண ஆரம்பித்தால் முதலில் அந்தக் குரல். கரகரப்பு, நடுவில் ஒரு செருமல், 'போயிடுச்சு' என்பதில் கடைசி எழுத்தை இழுத்து விடும் விதம். ஒரு கேசட்டில் பிடித்து வைத்திருக்கலாம். வீட்டில் டேப்ரிக்கார்டர் இருந்தது, அதில் சினிமாப் பாட்டு ஓடியது. யாருக்கும் தோன்றவில்லை. அன்றாடம் கேட்கிற குரலை யார் பிடித்து வைப்பார்கள்?

பிறகு மாமாவின் கேமரா. அந்த யாஷிகாவில் மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். மூடியைத் திறந்தால் தேய்த்த கண்ணாடியில் மேடு தெரியும், இடம் வலமாக மாறி. பனி வலப்பக்கம் நகர்ந்தால் கண்ணாடியில் இடப்பக்கம் நகரும். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். ஊட்டியில் செய்த இந்து ஃபிலிம். கிடைக்காத மாதங்களில் ஓர்வோ. புது ரோலை மேட்டுக்காக மாமா ஒருநாளும் போட்டதில்லை, கட்டுப்படியாகாது. யார் வீட்டிலோ காதுகுத்தோ மஞ்சள் நீராட்டோ எடுத்துவிட்டு ரோலில் இரண்டு மூன்று மிச்சம் இருக்கும். அதைத் தீர்த்தால்தான் கழுவ முடியும். அந்த மிச்சத்தைத்தான் மேட்டுக்குக் கொண்டுவருவார். இரண்டே படம் என்பதால் அவசரப்படமாட்டார். பனி எந்த உயரத்துக்கு இறங்க வேண்டும் என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. அதுவரை பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு திடீரென்று, "மாப்ள, போய் அங்க நில்லு. உன்ன வெச்சாத்தான் மேட்டோட உயரம் தெரியும். திரும்பாத, அப்படியே போ." நான் போவேன். முதுகுக்குப் பின்னால் அந்தச் சின்னக் 'களுக்'. அவ்வளவுதான், படம் முடிந்தது.

அந்த நெகட்டிவ்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவன் நான். மொட்டையடித்த ஒரு குழந்தை, மாமன் மடியில் வாய் பிளந்து அழும். நெகட்டிவில் அதன் வாய் வெள்ளையாக, பல்லில்லாமல் இருக்கும். அதற்கடுத்த கட்டத்தில் மேடு. கறுப்பாகத் தெரிவது பனி, வெள்ளையாகத் தெரிவது மரம், நடுவில் வெள்ளைக் கோடாக ஒரு பையன், போய்க்கொண்டிருக்கிறான். இரண்டு படத்துக்கும் நடுவே ஒரு விரல்கடை அகலம்கூட இல்லை. இருட்டறையில் சிவப்பு பல்பின் கீழே ஹைப்போ வாசனையோடு காகிதத்தில் அந்த மேடு எழுந்து வரும்போது மாமா ஒன்றும் சொல்லமாட்டார். கிளிப் மாட்டிக் காயப்போடுவார். ஆயா எட்டிப் பார்த்து, "இதுல இன்னாடா இருக்குது, வெறும் மண்ணு" என்பாள்.

எல்லாமே இரண்டு பிரதிகூட இல்லாத படங்கள். மாமா போன பிறகு கடையைக் காலி செய்தபோது நெகட்டிவ் டப்பாக்களை வாடகைக் கட்டடத்துக்காரர்கள் பழைய பேப்பரோடு சேர்த்துப் போட்டுவிட்டார்கள். நான் அப்போது இங்கே இருந்தேன். போனில் சொன்னார்கள். எத்தனை குழந்தைகளின் காதுகுத்து அதில் போனது, அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியுமா?

இங்கே என்பது டொரண்டோ. இங்கேயும் ரயில் இல்லாத ரயில் பாதை ஒன்றில்தான் நடக்கிறேன். பெல்ட்லைன் என்று பெயர். 1892-இல் ஊரைச் சுற்றிப் பயணிகள் ரயில் ஒன்றைத் தொடங்கினார்கள், ஆள் ஏறவில்லை, 1894-லேயே நிறுத்திவிட்டார்கள். இரண்டு வருஷம் ஓடிய அந்த ரயிலின் வழியை நகரம் இன்று பூங்காவாக வைத்திருக்கிறது. அதைக் காக்கப் பாடுபட்ட நகரமன்ற உறுப்பினர் கே கார்ட்னரின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். பெயர்ப்பலகை உண்டு, வரலாறு சொல்லும் பலகை உண்டு, உட்காரப் பெஞ்சு உண்டு. யங் ஸ்ட்ரீட்டுக்கு மேலே பழைய ரயில் பாலத்தின் மீதே நடக்கலாம். ஜனவரியில் பனி கொட்டிய மறுநாள் காலையில் கேமராவோடு போகிறவர்கள் பலர், நானும் போகிறேன். என் கேமராவில் ஆயிரம் படம் எடுக்கலாம், மறுகணமே பார்க்கலாம், அழிக்கலாம். குளிரில் பாட்டரி பாதி வழியில் இறங்கிவிடும், அதற்கு மாற்றுப் பாட்டரி சட்டைப்பையில். காலில் நல்ல பூட்ஸ். திரும்பும் வழியில் சுடச்சுடக் காபி. குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல ஊர், நன்றாக வைத்திருக்கிறார்கள், நன்றியோடுதான் நடக்கிறேன்.

ஆனால் பனி இங்கே சத்தத்தையெல்லாம் தின்றுவிடுகிறது. மேட்டில் பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஆட்டுக்குட்டி கத்தும், அது எங்கே நிற்கிறது என்று தெரியாது; முள்வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ இருமுவார்கள்; மண்ணில் தாத்தாவின் கைத்தடி டொக் டொக்கென்று வரும், அது நின்றால் கதை வரப்போகிறது என்று அர்த்தம். தை பிறக்கும் சமயம் மாந்தோப்புகளில் பூ வெடித்துக் காற்றோடு ஒரு வாசம் இறங்கும், பாதிப் புளிப்பு, பாதித் தேன். இங்கே ஸ்கார்பரோவில் தமிழ்க் கடைகள் இருக்கின்றன. உறைய வைத்த துவரை பாக்கெட்டில் கிடைக்கிறது, மொச்சையும் கிடைக்கிறது. வாங்கி வேகவைத்து, சுடுதண்ணீரை வடித்து, கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு பெல்ட்லைனில் நடந்தும் பார்த்தேன். கோட்டு தடிமன். சூடு உடம்பு வரை வரவில்லை.

இந்த நடையில் என்னோடு வருகிறவர் ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட மூத்தவர், அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். தருமபுரி ரயிலின் கதையை அவரிடம் சொன்னபோது அவர் பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "எங்கட தண்டவாளத்தையும் சண்டைதான் திண்டது தம்பி. பங்கருக்குப் போட்டவங்கள்" என்றார். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயில் போனது 1905-இல், எங்கள் சின்ன ரயிலுக்கு ஒரு வருஷம் முந்தி. 1990-இல் யாழ்தேவி ரயில் நின்றது. தண்டவாளமும் கட்டையும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகிப் போயின. இருபத்து நான்கு வருஷம் கழித்து, 2014 அக்டோபரில், யாழ்ப்பாணத்துக்கு மறுபடி ரயில் வந்தது. "உங்களுக்காவது திரும்பி வந்ததே அண்ணை" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ரயில் வந்தது. நான் ஏறின ஸ்டேசனில கை காட்ட நிண்ட ஆக்கள் ஒருத்தரும் இல்லை."

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. நடப்போம். படம் எடுப்போம். என் படங்களில் ஆளே இருப்பதில்லை என்று ஒருநாள் அண்ணை சொன்னார். போய் நில் என்று சொல்ல அங்கே எனக்குப் பையன் இல்லை. நில் என்று சொல்ல ஆளும் இல்லை.

ஊருக்குப் போகாமல் இல்லை. கடைசியாகப் போனபோது மேட்டைத் தேடிக்கொண்டு போனேன். நாங்கள் ஏறும் இடத்தில் வரிசையாக வீடுகள். அதற்கப்பால் மேட்டை வெட்டி மண் எடுத்திருந்தார்கள். வெட்டிய பக்கத்தில் செம்மண் பச்சைப் புண்ணாகத் தெரிந்தது. இன்னொரு துண்டு தார்ச்சாலைக்கு அடியில் போய்விட்டது. ரயில் மூச்சு வாங்கும் என்று தாத்தா சொன்ன அந்த ஏற்றத்தை நான் என்ஜின் சத்தத்தில்தான் கண்டுபிடித்தேன்: ஒரு மினி வேன் அந்த இடத்தில் கியரை மாற்றியது. நின்றேன். அந்த வேன் போனது. இன்னொன்று வந்தது. பக்கத்தில் டீக்கடைக்காரப் பையனிடம் இங்கே ரயில் ஓடியது என்றேன். ரயில் இனிமேல்தான் சார் வரப்போவுது என்றான்.

அவன் சொன்னதும் சரிதான். 2016-17 ரயில்வே பட்ஜெட்டில் மொரப்பூர் – தருமபுரிக்கு 36 கிலோமீட்டர் அகலப்பாதைக்கு அனுமதி கிடைத்தது. 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். தருமபுரி வழியாகச் சேலமும் பெங்களூரும் போகிற ரயில் இருக்கிறது. ஆனால் சென்னை ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் இப்போதும் மூட்டையும் பிள்ளையுமாக மொரப்பூருக்கு பஸ்ஸில்தான் போகிறார்கள். 1941-இல் பிடுங்கியதைத் திருப்பிக் கொடுக்க இத்தனை வருஷம் ஆகியிருக்கக் கூடாது. அது வர வேண்டும், சீக்கிரம் வர வேண்டும். பழைய மேடு அப்படியே கிடக்கட்டும், ஊர் ரயிலில்லாமல் கிடக்கட்டும் என்று தூரத்திலிருந்து சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, ஆசையும் இல்லை. புது வண்டி ஓடினால், வாய்த்தால், மொரப்பூரில் முதல் ஆளாக ஏறுவேன். மூட்டை மாற்ற வேண்டியிருக்காது. ஜன்னலோரம் உட்கார்ந்து, பழைய மேடு எந்தப் பக்கம் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டே வருவேன். யாரிடம் காட்டுவேன் என்பதுதான் தெரியவில்லை.

தருமபுரியிலும் மொரப்பூரிலும், அந்தப் பக்கம் பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டையிலும் இருக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த மார்கழியில் ஒரு காலை, பனி விலகுவதற்குள், உங்கள் ஊரில் அந்த மேடு மிச்சமிருக்கும் இடத்துக்குப் போய் வாருங்கள். கையில் இருக்கும் போனிலேயே படம் எடுங்கள். வெறும் மண்தான் என்று விட்டுவிடாதீர்கள். வீட்டுப் பிள்ளை ஒன்றை அதில் நிற்கவையுங்கள், அப்போதுதான் உயரம் தெரியும். படத்தோடு ஊர்ப் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள். அந்த ரயிலைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இப்போது தொண்ணூறு தாண்டியிருக்கும். உங்கள் தெருவிலேயே திண்ணையில் ஒருவர் உட்கார்ந்திருக்கலாம். அவரிடம் கேளுங்கள், அவர் சொல்வதை அவர் குரலிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.